வயிற்றில் ஒரு வாசல்



ஒட்டும் விசை, அழுத்தம், வாயு விதிகள் ஆகியவற்றை நீங்கள் தேர்வுக்காகப் படிக்கிறீர்கள். அவை தேர்வுக்கு அப்பால் ஒரு மனிதரை வீட்டுக்குள் அடைத்துப் போடவும், மீண்டும் வெளியே நடக்க வைக்கவும் கூடும் என்பதை நான் என் பெரியப்பாவிடமிருந்து கற்றேன். அதை உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். திருவண்ணாமலையில் தேரடி வீதிக்கு அருகில் வீடு. பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றி நடப்பவர். பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, மறுநாள் காலை பள்ளிக்கு வேளையோடு போய்விடுவார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்து நோயுற்ற பகுதியை நீக்கினார்கள். மலம் வெளியேற வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு புதிய வழி அமைத்தார்கள். இந்த அறுவைக்குக் கொலாஸ்டமி என்று பெயர். அவ்வழியின் மேல் எந்நேரமும் ஒரு பை ஒட்டப்பட்டிருக்கும்.

நோய் நீங்கியது. புண் ஆறியது. ஆனால் பெரியப்பா மாறிவிட்டார். அதற்குக் காரணம் ஒரு தீபாவளி. வழக்கம் போல் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் இட்டு, வெந்நீரில் குளித்தார். பத்து மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்து அமர்ந்திருந்தபோது பை ஒரு பக்கம் கழன்று கசிந்தது. அவர் எழுந்து உள்ளே போனவர், அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அதன்பின் திருமணங்களுக்குப் போவதை நிறுத்தினார். தனியே அமர்ந்து, பாதி வயிற்றுக்கே உண்டார். கிரிவலம் என்ற பேச்சையே எடுப்பதில்லை.

ஒரு நாள் என்னை அழைத்தார். "தம்பி, நீ பௌதிக வாத்தியார்தானே? இது ஏன் கழன்றது, சொல்லு" என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. படித்தும், மருத்துவமனைச் செவிலியரைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதையே இனிக் காண்போம்.

குடல் செய்யும் வேலை

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குச் செல்கிறது. சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். உணவின் சத்துக்கள் பெரும்பாலும் இங்கேயே உறிஞ்சப்படுகின்றன. அடுத்து வருவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல். நாள்தோறும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்மம் இதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதி நீரையும் உப்புகளையும் பெருங்குடல் உறிஞ்சிக் கொள்கிறது. மலத்தோடு வெளியேறும் நீர் சுமார் 100 முதல் 150 மில்லிலிட்டரே.

எனவே பெருங்குடலின் தொடக்கத்தில் கூழாக இருப்பது முடிவில் கெட்டியாகி விடுகிறது. புதிய வழியை வலப்பக்கம் அமைத்தால் வெளிவருவது நீர்த்திருக்கும். இடப்பக்கம் அமைத்தால் கெட்டியாக இருக்கும். பெரியப்பாவுக்கு இடப்பக்கம் அமைத்ததால் அவருக்கு வேலை சற்று எளிது.

குடலின் முனையை வயிற்றுத் தோலின் வழியே வெளியே கொணர்ந்து, மடித்துத் தைத்து விடுகிறார்கள். இம்முனைக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் இதற்கு வாய் என்பது பொருள். பார்வைக்கும் அது உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதைத் தொட்டால் வலிப்பதில்லை. வெட்டுக்கும் சூட்டுக்கும் வலியுணரும் நரம்புகள் அங்கு இல்லை. அதனாலேயே அதைக் காயம் படாமல் கவனமாகக் காக்க வேண்டும்.

நம் குதவாயில் சுருக்குத் தசைகள் உண்டு. நாம் விரும்பும் வரை அவை வழியை மூடி வைத்திருக்கும். ஸ்டோமாவில் அத்தகைய தசை இல்லை. மலமும் வாயுவும் தாமே வெளிவரும். அடக்க முடியாது. பை தேவைப்படுவது இதனால்தான்.

இந்த வழி எல்லோருக்கும் நிரந்தரமன்று. விபத்தில் குடல் கிழிந்தவர்களுக்கும், குடல் அடைப்பு ஏற்பட்டவர்களுக்கும், குதவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் சில மாதங்களுக்கு மட்டும் இதை அமைத்து, பின்னர் மூடிவிடுவதுண்டு. 1981 மே 13 அன்று துப்பாக்கியால் சுடப்பட்ட போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்கும் இவ்வாறு அமைத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மூடினார்கள்.

ஒரு தங்கைக்காகப் பிறந்த பை

குதவாய் இன்றிப் பிறந்து இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்த லித்ரே என்னும் பிரெஞ்சு மருத்துவர், குடலை வயிற்றின் வழியே திறந்துவிட்டால் இத்தகைய குழந்தைகளைக் காப்பாற்றலாமே என்று 1710இல் எழுதினார். அந்த எண்ணம் செயலாவதற்கு எண்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1793இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரில் தியூரே என்ற அறுவை மருத்துவர், பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தைக்கு இதைச் செய்தார். அக்காலத்தில் மயக்க மருந்து கிடையாது. கிருமிகளைப் பற்றிய அறிவும் கிடையாது. ஆயினும் அக்குழந்தை பிழைத்து 45 வயது வரை வாழ்ந்தது.

உயிரைக் காக்கும் வழி கிடைத்தும், நாள்தோறும் வாழும் வழி கிடைக்கவில்லை. துணிக்கட்டுகளையும், இடுப்பு வாரில் மாட்டிய உலோகக் கிண்ணங்களையும், ரப்பர்ப் பைகளையும் கொண்டே மக்கள் காலம் தள்ளினர். அவை கசிந்தன, நாறின.

டென்மார்க் நாட்டில் எலிசே சோரன்சென் என்ற செவிலியர் இருந்தார். அவருடைய தங்கை தோராவுக்கு இவ்வறுவை நடந்தது. கசிந்துவிடுமோ என்ற அச்சத்தில் தோரா வெளியே போவதையே விட்டுவிட்டார். தோலில் தானே ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பையைச் செய்யலாம் என்ற எண்ணம் 1954இல் எலிசேக்கு உதித்தது. பிளாஸ்டிக் பொருள்கள் செய்துவந்த ஓகே லூயி ஹான்சென் அதைச் செய்து கொடுத்தார். அவருடைய மனைவியும் செவிலியரே. கணவரை இணங்க வைத்தவர் அவர்தாம். இன்று உலகெங்கும் பயன்படும் பைகள் இதன் வழிவந்தவை.

பெரியப்பாவுக்கு இக்கதையைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் அந்தப் பெண்ணும் வீட்டுக்குள்ளேதான் இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

பை எப்படி ஒட்டுகிறது?

பையின் வாயில் வட்டமான ஒட்டுத்தகடு ஒன்று உண்டு. அதன் நடுவில் ஸ்டோமாவின் அளவுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகத் துளை வெட்டி, தோலில் ஒட்டுவார்கள். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். மிகச் சிறிதானால் ஸ்டோமாவை அறுக்கும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஸ்டோமா சுருங்கிக் கொண்டே வரும். ஆகவே அடிக்கடி அளந்து பார்த்து வெட்ட வேண்டும்.

ஒரே பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை ஓரினக் கவர்ச்சி என்றும், வெவ்வேறு பொருள்களின் மூலக்கூறுகள் ஈர்ப்பதை வேற்றினக் கவர்ச்சி என்றும் படித்திருக்கிறீர்கள். ஒட்டுத்தகடு தோலில் நிற்பது வேற்றினக் கவர்ச்சியால். இவ்விசை செயல்படும் தொலைவு மிகமிகச் சிறியது. இரண்டு பரப்புகளும் மூலக்கூறு அளவில் நெருங்கினால்தான் பிடிப்பு உண்டாகும். நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் என்ன ஆகும்? தகடு எண்ணெயைப் பிடிக்கும். எண்ணெய் தோலைப் பிடிக்கும். ஆனால் எண்ணெய்ப் படலமோ தனக்குள் எளிதில் வழுக்கிப் பிரியும். தீபாவளியன்று நடந்தது இதுதான். தகட்டின் ஓரத்தில் இருந்த நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய், விளக்குத் திரியில் ஏறுவது போல் ஏறி உட்சென்றது. வெந்நீர் பசையை இளக்கியது. மற்றதை எடை செய்து முடித்தது.

எடை எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். தகட்டின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்க. பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். பையில் 400 கிராம் நிறைந்திருந்தால் அதன் எடை ஏறக்குறைய 4 நியூட்டன். இவ்விசை பரப்பு முழுவதும் சமமாகப் பரவினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 510 நியூட்டன்தான் வரும். இது வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இழுப்புக்கா பை கழலும்?

கழலும். ஏனெனில் விசை சமமாகப் பரவுவதில்லை. தொங்கும் பை தகட்டின் மேல் ஓரத்தை வெளிநோக்கி உரிக்கிறது. உரிக்கும்போது முழு விசையும் ஒரு கோட்டின் மீதே குவிகிறது. தபால் தலையை நேராக இழுத்தால் வராது. ஓரத்தைத் தூக்கி உரித்தால் வந்துவிடும் அல்லவா? ஆதலால்தான் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும் என்கிறார்கள். பாதிக்கு மேல் விடவே கூடாது. மாற்றும்போதும் இதே உண்மை உதவும். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் தோல் புண்ணாகாது.

இன்னொரு தொல்லை வியர்வை. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். சாதாரணப் பிளாஸ்திரி நனைந்தால் விட்டுவிடும். இத்தகட்டின் பசையிலோ பெக்டின், ஜெலட்டின், செல்லுலோஸ் வகைப் பொருள் ஆகியவை கலந்திருக்கின்றன. இவை வியர்வையை உறிஞ்சிக் கூழாகி, தோலைக் காத்துக்கொண்டே ஒட்டியும் நிற்கும். கொய்யாப்பழப் பாகு உறைவதும் பெக்டினால்தான். இவற்றுக்கு முன் பயன்பட்டது கராயாப் பிசின். நம் நாட்டு வறண்ட மலைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது. பொய்ப்பல் ஒட்டுவதற்குப் பயன்பட்டு வந்த அதைத் தோலைக் காக்கவும் பயன்படுத்தலாம் என்று 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகர மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் காட்டினார்.

நாற்றமும் வாயுவும்

பெரியப்பாவின் பெரிய கவலை நாற்றம். குடலில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வாயு உண்டாகிறது. இது எல்லோருக்கும் பொது. நாம் விழுங்கும் காற்றும், குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவையுமே இதில் பெரும்பகுதி. இவற்றுக்கு நாற்றமே இல்லை. நாறுவது மிகச் சிறிதளவே உள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

சாதாரணப் பாலிதீன் பை நீரைத் தடுக்கும். ஆனால் இவ்வாயுக்களின் மூலக்கூறுகள் அதன் வழியே மெல்ல ஊடுருவி வெளியேறும். ஆகவே இந்தப் பைகளை, வாயுவைத் தடுக்கும் வேறொரு பிளாஸ்டிக் அடுக்கை நடுவில் வைத்துச் செய்கிறார்கள். பையின் மேற்புறத்தில் கிளர்வுற்ற கரி நிரம்பிய சிறு வடிகட்டியும் இருக்கும். கரியின் எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் கந்தகச் சேர்மங்கள் ஒட்டிக்கொள்ள, நாற்றமற்ற வாயு மட்டும் வெளியேறுகிறது. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். பை சரியாக ஒட்டியிருக்கும் வரை பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

"மலையேறினால் பை வெடிக்குமா?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். பாயில் விதிப்படி, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும். அண்ணாமலையின் உச்சி நகரைவிட 600 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். அங்கு அழுத்தம் சுமார் 7 விழுக்காடு குறையும். பையிலுள்ள வாயு ஏறக்குறைய அதே அளவு பெருகும். அவ்வளவுதான். ஆகாய விமானத்தினுள் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையலாம். அப்போது வாயு மூன்றில் ஒரு பங்கு பெருகும். ஏறுமுன் பையைக் காலி செய்துவிட்டால் போதும். கிரிவலப் பாதையோ மலையின் அடிவாரத்தைச் சுற்றியே செல்கிறது. அங்கு இந்தக் கவலையே இல்லை.

உணவில் பொதுவாக விலக்கு ஏதுமில்லை. வெங்காயம், முட்டைக்கோசு, முள்ளங்கி, முட்டை, பயறு வகைகள் சிலருக்கு வாயுவையோ நாற்றத்தையோ கூட்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரவரே ஒவ்வொன்றாக உண்டு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மெதுவாக, வாயை மூடி மென்று உண்டால் விழுங்கும் காற்று குறையும். பெரியப்பா செய்தது போல் பட்டினி கிடப்பது தவறு. வெறும் குடலிலும் வாயு உண்டாகும், உடலும் நலியும்.

தண்ணீரும் உயரமும்

பெரியப்பாவை மருத்துவமனைக்கு மீண்டும் அழைத்துச் சென்றோம். இப்பணிக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அங்கு இருந்தார். இத்தகைய பயிற்சியின் கதையும் சுவையானது. நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1954இல் சிறுகுடலில் இதுபோன்ற வழி அமைக்கப்பட்டது. 1958இல் அவர் டர்ன்புல்லுடன் சேர்ந்து மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத் தரத் தொடங்கினார். 1961இல் அங்கு இதற்கெனப் பள்ளியே ஏற்பட்டது. நோயாளியாக வந்தவர் ஆசிரியரானார். நம் நாட்டில் மும்பையில் 1975இல் இந்திய ஆஸ்டமி சங்கம் தோன்றியது.

செவிலியர் முதலில் கேட்ட கேள்வி எங்களை வியக்க வைத்தது: "ஐயா, வேட்டியை எங்கே கட்டுவீர்கள்?" வேட்டியின் மடிப்பு ஸ்டோமாவின் மேல் அழுத்தினால் மலம் பைக்குள் இறங்காமல் தகட்டின் அடியில் புகும். பெண்களுக்குப் பாவாடை நாடாவாலும் இதே தொல்லை வரும். இதனால்தான் அறுவைக்கு முன்பே நோயாளியை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்து, ஸ்டோமா அமையும் இடத்தைக் குறிக்கிறார்கள்.

பின்னர், மருத்துவரின் இசைவோடு, குடலை நீரால் கழுவும் முறையையும் கற்றுத் தந்தார். இடப்பக்கம் ஸ்டோமா உள்ள சிலருக்கே இது ஏற்றது. பயிற்சியின்றி யாரும் செய்யக்கூடாது. உடல் வெப்பமுள்ள நீரை, உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில் தொங்கும் பையிலிருந்து மெல்லச் செலுத்துவார்கள். ஏன் தோள் உயரம்? நீர்மத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. உயர வேறுபாடு அரை மீட்டர் என்றால், 1000 × 9.8 × 0.5 = 4900 பாஸ்கல். இது சுமார் 37 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். குடல் இதைத் தாங்கும். அதே பையை இரண்டு மீட்டர் உயரத்தில் மாட்டினால் அழுத்தம் நான்கு மடங்காகும். நீர் வேகமாகப் பாய்ந்து வயிற்றைப் பிசையும். குடல் கழுவப்பட்டபின் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட, பெரும்பாலும் எதுவும் வெளிவராது.

குளிப்பதற்குத் தடையில்லை. பை இருக்கும்போதும், எடுத்துவிட்டும் குளிக்கலாம். குடலின் அலை இயக்கம் வெளிநோக்கியே இருப்பதால் நீர் உள்ளே போய்விடாது. தோலை நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, எண்ணெயோ பவுடரோ படாமல் புதிய தகட்டை ஒட்ட வேண்டும். எண்ணெய்க் குளியல் வேண்டுமானால் தலைக்கு மட்டும் தேய்த்துக்கொண்டு, வயிற்றுப் பக்கம் வழியாமல் குளித்து, குளித்தபின் புதிய பை மாற்றிக் கொள்ளலாம். நிறைகுடம் போன்ற பாரங்களைத் தூக்கக் கூடாது. வயிற்றின் உள்ளழுத்தம் கூடி, தசை வலுவிழந்த அந்த இடத்தில் குடல் பிதுங்கக் கூடும். ஸ்டோமா கறுத்தாலோ, வாந்தியும் வலியும் வந்து எதுவும் வெளிவராமல் நின்றாலோ, இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மார்கழிப் பௌர்ணமி

கார்த்திகை தீபத்தின் நெரிசலில் வேண்டாம் என்று முடிவு செய்து, மார்கழிப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தோம். அன்று பிற்பகல் பெரியப்பா குடலைக் கழுவி, புதிய பை ஒட்டிக்கொண்டார். துணிப்பையில் மாற்றுப் பை ஒன்று, தண்ணீர்ப் புட்டி, துணி, பழைய செய்தித்தாள் ஆகியவற்றைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். பயன்படுத்திய பையைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

மாலை மங்கியதும் நடக்கத் தொடங்கினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் வரை அவருடைய கை வயிற்றின் மேலேயே இருந்தது. பிறகு எப்போது அதை எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஆதி அண்ணாமலையில் உட்கார்ந்து இளைப்பாறினார். கழிப்பறைக்குச் சென்று வந்து, "ஒன்றுமில்லை, அப்படியே இருக்கிறது" என்றார். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். "நீ வேண்டுமானால் போ" என்றார். நள்ளிரவு கடந்து வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் எல்லோருடனும் பந்தியில் அமர்ந்து உண்டார்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இத்தகைய பை அணிந்த ஒருவர் இருக்கலாம். அவர் சொன்னாலன்றி உங்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரிய வந்தால் அதைப் பிறரிடம் பேசாதீர்கள். வகுப்பு நடுவே அவர் எழுந்து போனால் திரும்பிப் பார்க்காதீர்கள். விளையாட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள். பையிலுள்ள தொல்லைகளில் பலவற்றை அறிவியல் தீர்த்துவிட்டது. எஞ்சியிருப்பது பக்கத்தில் இருப்பவர்கள் நடந்துகொள்ளும் முறை. அது உங்கள் கையில் இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து, ஒன்றை நன்கு கழுவி உலர்த்துங்கள். மற்றதில் ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே நீளப் பிளாஸ்திரியை ஒட்டி உரித்துப் பாருங்கள். எது எளிதில் வருகிறது?

2. சுத்தமான தட்டில் ஒட்டிய பிளாஸ்திரியை முதலில் தட்டின் பரப்புக்கு இணையாக இழுங்கள். பிறகு ஓரத்தைத் தூக்கி உரியுங்கள். எதற்கு அதிக விசை தேவை? ஏன்?

3. சிறிது பெருங்காயத்தைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஒரு டப்பாவிலும், அதே அளவை மூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டு வேறொரு டப்பாவிலும் வைத்து மூடுங்கள். மறுநாள் இரண்டு டப்பாக்களையும் திறந்து முகர்ந்து பாருங்கள். பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருவதே. நீங்கள் கண்டதிலிருந்து பையின் நடு அடுக்கு ஏன் தேவை என்பதை விளக்குங்கள்.

4. கழுவும் நீர்ப் பை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் எத்தனை பாஸ்கல்? கணக்கிடுங்கள்.